செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர், செயலவை உறுப்பினர்கள், வந்திருக்கும் உறுப்பினர்கள், பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் விழா சமூக மன்றத்தில் நல்லபடியாக நடந்தது. ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிப் பேச்சுப் போட்டி நடத்தினோம். தீபாவளிக்கு வட்டாரத்தில் தனியாக வசிக்கும் முதியவர்களுக்கு அன்பளிப்புப் பைகள் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

நான் விரிவாகப் பேச விரும்புவது சனிக்கிழமை மாலை இளையர் வகுப்பைப் பற்றி. மென்பொருள் துறையில் வேலை செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் இதைத் தொடங்கினார். அறிக்கையில் தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகளுக்கு அவர் ‘அக்கா’. நன்கொடை தரத்தான் வந்திருக்கிறார் என்று செயலவை முதலில் நினைத்தது. அவர் கேட்டதோ ஓர் அறையும் நம் மிருதங்க ஆசிரியரின் நேரமும். கலை வகுப்பு ஒரு நாள், அறிவியல் வகுப்பு வேறொரு நாள் என்று பிரிக்கக் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

முதலில் கோலம். மைக்ரோபிட் என்ற சின்ன மின்பலகையில் வரிசைக்கு 5 என 25 விளக்குகள் இருக்கும். அதைப் பார்த்ததும் தொடக்கப்பள்ளி மாணவி ஒருத்தி, “இது புள்ளிக் கோலம்தானே அக்கா?” என்று கேட்டாள். அங்கிருந்தே பாடம் ஆரம்பித்தது. அப்புறம் மடிக்கணினியில், கோலத்தின் கால் பாகத்துக்கு மட்டும் நிரல் எழுதி, அதை 90 பாகையாகத் திருப்பித் திருப்பி 4 முறை ஓடவிட்டு, முழுக் கோலத்தையும் திரையில் வரவழைத்தார்கள். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவர் குழுவினரும் 1970களிலேயே கோலத்தைக் கணினி அறிவியலோடு சேர்த்து ஆராய்ந்தவர்கள். இதைக் கேட்டபோது பெற்றோர் சிலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

மிருதங்க வகுப்பு எனக்கு இன்னும் பிடித்தது. சாதாரணத் தோல் மேளத்தில் அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் மேலதிர்வெண்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. அதனால் சுருதி தெளிவாகக் கேட்காது. மிருதங்கத்தின் வலப்பக்கத்தின் நடுவில் பூசிய கருஞ்சோறு என்ற கருநிற வட்டப் பூச்சு அந்த அதிர்வெண்களை 1, 2, 3 என்ற முழுஎண் விகிதத்துக்கு அருகே கொண்டுவந்துவிடுகிறது. சர் சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். நோபெல் பரிசு பெற்றது அதற்குப் பத்தாண்டு கழித்து. ஆசிரியர் வாசிக்க, அந்த அதிர்வெண்கள் கைப்பேசிச் செயலியின் திரையில் உச்சிகளாகத் தெரிந்ததைப் பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகளாகக் கையால் அறிந்ததைக் கண்ணால் பார்க்கிறேன் என்று சொன்ன ஆசிரியரின் முகத்தில் அன்று அவ்வளவு மகிழ்ச்சி.

கலையும் கணினியும் இப்படிச் சேர்வது நம் சிங்கப்பூருக்குப் புதிதும் அல்ல. சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமிதான் 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டவர். இலக்கியமும் கணினியும் ஒரே மனிதரிடம் இருந்ததால்தான் அது நடந்தது என்று நான் நம்புகிறேன்.

இந்த வகுப்பு பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்ணுக்கு உதவுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உதவும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. ஆனால் துணைப்பாட வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் இங்கே வந்து கருவியைத் தொட்டுப் பார்க்கிறது, கட்டணம் கிடையாது. அதனாலேயே சங்கம் இதை விடாமல் நடத்த வேண்டும்.

கவலை ஒன்று உண்டு. உயர்நிலை மூன்று வந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். வகுப்பு நேரத்தைக் குறைத்து, பள்ளி விடுமுறையில் கூடுதலாக வைத்தால் சிலராவது தொடர்வார்கள் என்பது என் கருத்து. மூத்த மாணவர்கள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்கிறார் அக்கா. சரி, இரண்டையும் அடுத்த ஆண்டு செய்துபார்ப்போம்.

இப்போது அறையில் இருக்கும் மடிக்கணினிகள் எல்லாம் அக்கா தன் நண்பர்களிடம் கேட்டு வாங்கிப் பழுதுபார்த்தவை. ஒருவரே எல்லாவற்றையும் சுமப்பது சரியில்லை. கருவிகள் வாங்கச் சங்க நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்கும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். தொண்டூழியர்களும் தேவை. கணினி தெரிய வேண்டும் என்றில்லை. கோலம் போடத் தெரிந்த அம்மாக்கள் வந்தால் இன்னும் நல்லது. பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது.

இங்ஙனம்,
செயலாளர்