ரிவால்வருக்கென்று அனுப்பிய உறை ரிவால்வருக்கானதே அல்ல

அனுப்புநர்:
நகைக்கடை ஆயுதக் காவலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
இணைய விற்பனை நிறுவனம்.

பொருள்: துப்பாக்கி உறையைத் திரும்பப் பெற்றுப் பணம் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

நான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது நகைக்கடை ஒன்றில் வேலை. புதுச்சேரிக் கடைக்கும் கடலூர்க் கிளைக்கும் நகை போய்வரும் வேனில் நானும் இன்னொருவரும் காவல். அவர் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு முன்சீட்டில் இருப்பார். என்னிடம் உள்ளது கான்பூரில் செய்த .32 ரிவால்வர், அது கடை கொடுத்த நீல சஃபாரிச் சட்டைக்குள், யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும். "இந்திய .32 ரிவால்வருக்குக் கச்சிதம், சீருடைக்குள் தெரியவே தெரியாது" என்று நீங்கள் போட்டிருந்ததை நம்பித்தான் வாங்கினேன்.

வந்தது தட்டையான பிஸ்டலுக்குத் தைத்த உறை. ரிவால்வரில் ஆறு குண்டு போடும் சிலிண்டர் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். அது உறையின் வாயிலேயே சிக்குகிறது. அழுத்தி இறக்கினாலும் டிரிக்கர் பாதி வெளியே தெரிகிறது. அதில் சட்டை நுனி மாட்டினாலும் ஆபத்து, சீட் பெல்ட் மாட்டினாலும் ஆபத்து. இதை இடுப்பில் செருகிக்கொண்டு நாளெல்லாம் வேனில் ஏறி இறங்குகிறவன் தொடைக்கு யார் பொறுப்பு? படத்தில் இருந்தது இரும்புக் கிளிப், வந்தது பிளாஸ்டிக். குண்டுகளை எடுத்துவிட்டுக் கடைக்குள் உருவிப் பார்த்தேன். துப்பாக்கியோடு உறையும் சேர்ந்து கைக்கு வந்துவிட்டது. வியர்வை படாமல் தடுக்கும் பின்மடல் உண்டு என்றீர்கள், அதையும் காணோம்.

மறைப்பாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. நகைப்பெட்டியைத் தூக்குவதுபோலக் குனிந்து காட்டினேன். கைப்பிடி சட்டையில் அப்படியே எடுத்துத் தெரிகிறதே என்றார் கல்லாவில் இருந்த அம்மா. துப்பாக்கியைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் வழியில் ஆல்பேட்டை சோதனைச்சாவடி இருக்கிறது. புதுச்சேரிச் சரக்கை இடுப்பில் செருகிக்கொண்டு அதைக் கடக்கிறவர்கள்கூட இதைவிட நன்றாக மறைத்துவிடுவார்கள்.

இது அழகுக்காகச் சொல்லும் குறை இல்லை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கான உறையிலோ பையிலோ வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், அது முழுவதும் மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள். மீறினால் உரிமம் வைத்திருக்கும் முதலாளிக்கும் சிக்கல், அதில் ரீடெய்னராக, அதாவது அவருக்காகத் துப்பாக்கி ஏந்துபவனாக, பெயர் உள்ள எனக்கும் சிக்கல்.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், "கொஞ்சம் சாய்த்துச் செருகிப் பாருங்கள் சார்" என்றார். டிரிக்கர் தெரிகிறது தம்பி என்றேன். இன்னொருவரிடம் இணைப்பைக் கொடுத்தார். அவர், இது உடம்போடு ஒட்டி அணியும் பொருள், உள்ளாடைப் பிரிவில் வருகிறது, திரும்ப எடுக்க மாட்டோம் என்றுவிட்டார். துப்பாக்கி உறையை ஜட்டி பனியனோடு அடுக்கி வைத்திருக்கும் கடையை இப்போதுதான் பார்க்கிறேன்.

விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இருக்கிறது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆகவே முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையதே. அதைவிட முக்கியம், '.32 ரிவால்வருக்குக் கச்சிதம்' என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள். அதை நம்பி வாங்கும் அடுத்த ஆள் என்னைப்போலக் குண்டை எடுத்துவிட்டுச் சோதிப்பார் என்று என்ன நிச்சயம்? பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைப்பேன், பிறகு கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

உறை, பெட்டி, பில் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. எடுத்துப்போக வருகிறவரைக் காலை எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். அதற்குமேல் நான் டியூட்டியில் இருப்பேன், போன் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்