அமால்ஃபி மலைப்பாதையில் ஓட்டுநர் ஏன் நிறுத்தவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழில், இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்கு ஒருநாள் சுற்றுலா போய்வந்த வாசகர் ஒருவரின் கடிதம் வந்திருந்தது. கடலைப் பற்றி நான்கு வரி. மீதி முழுவதும் பஸ் ஓட்டுநர் மேல் குறை. படம் எடுக்க நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தவில்லையாம். பொசிட்டானோவில் பத்து நிமிடம் தாமதமாக வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும், கடிகாரத்தைக் காட்டிவிட்டு வண்டியை எடுக்க மறுத்தாராம். பணம் கொடுத்தவர்களுக்கு மரியாதை இல்லை என்று அந்த நிறுவனத்துக்குப் புகாரும் அனுப்பியிருக்கிறார்.

நான் 27 ஆண்டுகள் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். சென்ற மே மாதம் என் மகள் என்னையும் என் மனைவியையும் அதே சாலைக்கு, அதே மாதிரியான ஒருநாள் சுற்றுலாவில் அழைத்துப் போனாள். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு மலைப்பாதையைப் பயணியின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வாசகரின் ஓட்டுநர் எனக்குத் தெரியாதவர். ஆனால் அவர் செய்த மூன்று காரியங்களையும் எங்கள் ஓட்டுநரும் செய்தார். ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் சாலையைச் சொல்ல வேண்டும். அதன் எண் 163. சொரெண்டோவுக்குப் பக்கத்தில் தொடங்கி வியெத்ரி என்ற ஊர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், நேப்பிள்ஸை போர்பன் மன்னர்கள் ஆண்ட காலத்தில் வெட்டியது. அதற்கு முன் இந்த ஊர்களுக்குப் படகில் வர வேண்டும், இல்லையென்றால் மலைப்படிகளில் கோவேறு கழுதையோடு நடந்து வர வேண்டும். குதிரை வண்டிக்காகப் பாறையில் வெட்டிய தடத்தில்தான் இன்று பஸ் போகிறது. பல இடங்களில் அகலப்படுத்த வழியே இல்லை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்குக் கீழே கடல். நெரிசல் தாங்காமல் கோடைக்காலத்தில் கார்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் பார்த்து நாள் மாற்றி விடுகிறார்கள். பெரிய சுற்றுலாப் பஸ்கள் மேற்கிலிருந்து கிழக்கே மட்டும்தான் போகலாம். அதே வழியில் திரும்ப முடியாது.

இத்தாலியில் வண்டி சாலையின் வலப்பக்கம் போகும், ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவார். கிழக்கே போகும்போது கடல் வலப்பக்கம். பயணிக்குக் கண் நிறையக் கடல் கிடைக்கிறது. ஓட்டுநருக்கோ, அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து எட்ட இருக்கும் சக்கரம்தான் பள்ளத்தின் ஓரத்தில் உருளுகிறது. கண்ணாடியில் மட்டுமே அதைப் பார்க்க முடியும். பாறைப் பக்கம் உரசினால் தகடு போகும். அந்தப் பக்கம் தவறினால் என்ன போகும் என்று சொல்லத் தேவையில்லை. நான் முன்வரிசையில் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பாதி நேரம் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

எங்களுடையது முப்பது இருக்கை உள்ள நடுத்தர பஸ். பிரயானோ என்ற ஊரைத் தாண்டி ஒரு வளைவில், எதிரே உள்ளூர் பஸ் வந்துவிட்டது. அதன் பின்னால் ஐந்தாறு கார்கள். எங்கள் பின்னாலும் அப்படியே. இரண்டு ஓட்டுநர்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களவர் கை நீட்டி இடப்பக்கக் கண்ணாடியை மடித்தார். பின்னால் நின்ற கார்களுக்குக் கையசைத்து, அவை விலகிய பிறகு ரிவர்ஸ் போட்டு, ஒரு பஸ் நீளம் பின்னால் வந்தார். வலப்பக்கப் பின்சக்கரம் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. உள்ளூர் பஸ் மெல்ல ஊர்ந்து போனது. அதன் பக்கவாட்டுக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையலாம், முஷ்டி நுழையாது. முழுதாகக் கடந்த பிறகுதான் எங்கள் ஓட்டுநர் மூச்சு விட்டார். அதை முன்வரிசையில் இருந்த நான் கேட்டேன். பின்வரிசையில் இருந்தவர்கள் அந்த நேரத்தில், ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் வழிகாட்டி நடுத்தர வயதுப் பெண். மைக்கில் ஓயாமல் பேசக் கூடியவர். ஆனால் சில வளைவுகள் வருவதற்கு முன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவார். வளைவு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மூன்றாம் முறை நிறுத்தியபோது எனக்குப் புரிந்துவிட்டது. எதிரே வருகிற ஹாரன் ஓட்டுநர் காதில் விழ வேண்டும். நான் கேட்கச் சொன்னேன்; மகள் வழிகாட்டியிடம் கேட்டாள். ஆமாம் என்றார், இந்தச் சாலையில் வேலைக்கு வந்த முதல் வாரம் ஒரு மூத்த ஓட்டுநர் சொல்லிக் கொடுத்ததாம். வழிகாட்டிக்குரிய தகுதிகளில் இதையும் நான் ஒன்றாக வைப்பேன்.

ஃபுரோரே என்ற இடத்தில் மலை பிளந்து கடல் ஒரு வாய்க்கால் மாதிரி உள்ளே வருகிறது. சாலை அதன் மேல் உயரமான ஒரு பாலத்தில் போகிறது. பார்க்க வேண்டிய காட்சிதான், மறுக்கவில்லை. எங்கள் வண்டியிலும் நாலைந்து பேர் "நிறுத்துங்கள், இரண்டே நிமிடம்" என்று குரல் கொடுத்தார்கள். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஏன் திரும்பிப் பார்க்க வேண்டும்? வளைவை ஒட்டிய பாலம், ஒதுங்க இடமில்லை. அங்கே முப்பது பேர் இறங்கினால், வளைவுக்கு அப்பாலிருந்து வருகிற வண்டிக்கு அவர்கள் யாரும் தெரிய மாட்டார்கள். நிறுத்தக் கூடிய இடங்களில் அவர் நிறுத்தினார். பொசிட்டானோவுக்கு மேலே உள்ள திருப்பத்தில் பதினைந்து நிமிடம் நின்றோம். கப்பலோட்டிகளைப் பாட்டுப் பாடி இழுத்த கடற்கன்னியர் இருந்ததாகக் கதை சொல்லும் மூன்று சிறு தீவுகளை வழிகாட்டி அங்கிருந்துதான் காட்டினார்.

இனி மதியம் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பஸ் ஓட்டுநருக்கு நேரக் கணக்கு சட்டத்தில் எழுதியிருக்கிறது. வண்டியில் டாக்கோகிராஃப் என்ற கருவி இருக்கும். ஓட்டுநர் தன் அட்டையை அதில் செருகித்தான் வண்டியை எடுப்பார். ஓடிய நிமிடமும் நின்ற நிமிடமும் அதில் பதிவாகும். நான்கரை மணி நேர ஓட்டத்துக்குள் 45 நிமிட இடைவேளை எடுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி வரை போகலாம். இடைவேளையில் வேறு வேலையும் செய்யக் கூடாது. இப்போது யோசித்துப் பாருங்கள்: 40 நிமிடத்தில் பயணிகள் ஏறிவிட்டார்கள் என்பதற்காக அவர் வண்டியை எடுத்தால், அந்த 40 நிமிடம் முழு இடைவேளையாகக் கணக்கில் வராது. காலையில் ஓட்டிய நேரத்தோடு மாலை நெரிசலும் சேர்ந்து நான்கரையைத் தாண்டும். வழியில் சோதனை நடந்தால் அபராதம் கட்ட வேண்டி வரும். அதைவிடப் பெரிய விஷயம், களைத்த கண்ணோடு கொண்டை ஊசி வளைவில் இறங்க வேண்டி வரும். அந்த ஐந்து நிமிடம் அவர் கடிகாரத்தைக் காட்டியது உங்களுக்காகத்தான், ஐயா. நான் வேலை பார்த்த காலத்தில் எனக்கு இப்படி ஒரு கருவி இருந்ததில்லை. இருந்திருந்தால் சில இரவுகளில் நானும் அதைக் காட்டியிருப்பேன்.

தாமதம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமால்ஃபி துறைமுகத்தில் பஸ்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். ஒன்று எடுத்தால்தான் அடுத்தது நுழையும். நீங்கள் பத்து நிமிடம் கழித்து வந்தால், வெளியே சாலையில் ஒரு வரிசையே நிற்கும்.

குற்றம் எங்கே என்றால், அந்த ஒருநாளை விற்றவர்களிடம். வாசகரின் கடிதத்திலேயே இருக்கிறது: காலையில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பெய், பிறகு பொசிட்டானோ, அமால்ஃபி, ராவெல்லோ, நடுவில் எலுமிச்சை மதுக் கடையில் முக்கால் மணி நேரம். பொம்பெய் ஒன்றையே அரைநாளில் பார்த்து முடிக்க முடியாது. நான்கு ஊர்ப் பெயர் போட்டால் விற்கும் என்று போட்டுவிடுகிறார்கள். அந்த நான்கையும் ஒரே பகலுக்குள் அடைக்கிற பாரம் கடைசியில் ஸ்டியரிங் பிடிக்கிறவர் தலையில் விழுகிறது. என் மகள் ஆளுக்கு 75 யூரோ கொடுத்து, ஊர் குறைவாக உள்ள பயணமாகத் தேடிப் பிடித்தாள். அமால்ஃபியில் மட்டும் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் கிடைத்தது.

அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். புனித அந்திரேயா பேராலயத்தின் 62 படிகளை என் மனைவி நின்று நின்று ஏறினாள். மேலே உள்ள வெண்கலக் கதவு 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோப்பிளில் வார்த்துக் கப்பலில் கொண்டுவந்தது. இவ்வளவு சிறிய ஊருக்கு அவ்வளவு தூரத்திலிருந்து எதற்குக் கதவு என்று கேட்டேன். ஒருகாலத்தில் இது சிறிய ஊராக இல்லை என்றார் வழிகாட்டி. தனக்கென்று கப்பல்களும் கடல்சட்டமும் வைத்திருந்த வணிகக் குடியரசாம். 1343 நவம்பரில் வந்த பெரும் கடல் கொந்தளிப்பில் துறைமுகமும் கீழூரும் போய்விட்டன. இன்று நாம் கடற்கரையில் நின்று பார்க்கும் நீருக்கடியில் அந்த ஊரின் ஒரு பகுதி கிடக்கிறது. இதைக் கேட்ட பிறகு அந்தக் கடலை என்னால் முன்பு மாதிரிப் பார்க்க முடியவில்லை.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியவை சுவர்கள். மலை முழுவதும் படிப்படியாக எலுமிச்சைத் தோட்டங்கள். செஸ்ட்நட் மரக் கம்புப் பந்தல். ஒவ்வொரு படிக்கும் கல் சுவர். சிமென்ட் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கல்லோடு கல்லைப் பொருத்திய சுவர். மழைநீர் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிவிடும்; சுவர் முட்டிக்கொண்டு சரியாது. இந்தக் கட்டும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. முன்பெல்லாம் பெண்கள் எலுமிச்சைச் சுமையோடு இந்தப் படிகளில் வரிசையாக இறங்குவார்களாம். அவர்களுக்குச் சிற்றெறும்புகள் என்று பெயராம். தோட்டத்தைக் கைவிட்டால் சுவர் விழும், சுவர் விழுந்தால் மண் இறங்கும், மண் இறங்கினால் கீழே சாலை போகும். 2021 பிப்ரவரியில் அமால்ஃபி ஊர் வாசலிலேயே பாறை சரிந்து சாலையை அடித்துக்கொண்டு போனது. வாரக்கணக்கில் வண்டி ஓடவில்லை. மலையில் ஓட்டியவனுக்குத்தான் தெரியும், மேலே ஒரு விவசாயி வைத்த கல் கீழே பஸ்ஸைக் காக்கிறது என்பது.

ராவெல்லோ அழகு. அதற்கு மேல் என்னிடம் வார்த்தை இல்லை. அங்கிருந்து திரும்பும் வழி கியுன்ட்சி கணவாய். உச்சியில் வளைவு திரும்பியதும் சமவெளியும் அதற்கப்பால் வெசூவியஸ் எரிமலையும் தெரிந்தன. இறக்கம் முழுவதும் எங்கள் ஓட்டுநர் சிறிய கியரில் என்ஜினைப் பிடித்து இறக்கினார். கீழே வந்து சேரும்வரை பிரேக் தீயும் வாசனை துளியும் வரவில்லை. என் மகளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை; எனக்கு அது போதும்.

போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் கேளுங்கள்: எத்தனை ஊர், ஒவ்வொன்றிலும் இறங்கிச் சுற்ற எத்தனை மணி நேரம், வண்டி எவ்வளவு பெரியது, கடைக்கு அழைத்துப் போவார்களா. சாலை பயம் என்றால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சலேர்னோவிலிருந்து படகும் உண்டு.

நேப்பிள்ஸில் இறங்கும்போது, நானும் ஓட்டுநர்தான் என்று மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, டாக்கோகிராஃபிலிருந்து அன்றைய ஓட்டத்தை அச்சிட்டு அந்தத் தாளைக் காட்டினார். கட்டம் கட்டமாக ஓட்டமும் ஓய்வும். மதிய ஓய்வுக்கு நேராக 46 நிமிடம் என்று இருந்தது. அதன்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

கடிதம் எழுதிய வாசகருக்கு ஒரு வேண்டுகோள். அந்த நிறுவனத்துக்கு நீங்கள் அனுப்பிய புகார் அந்த ஓட்டுநரின் கோப்பில் ஏறியிருக்கும். அடுத்த பருவத்துக்கு ஆள் எடுக்கும்போது யாரோ அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். நான்கு ஊரை ஒரே நாளில் விற்றதற்கு வேண்டுமானால் புதிதாக ஒரு புகார் அனுப்புங்கள். அதில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர்