கப்பலேற்றும் முன் கணக்கைச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொகுசுக் கப்பல் விடும் நிறுவனத்தாருக்கும், தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி ஊர்களில் அவர்களுக்கு டிக்கெட் விற்றுத் தரும் பயண முகவர்களுக்கும்,

வணக்கம். கிரெடிட் கார்டு இல்லாதவர் உங்கள் கப்பலில் செலவுக்குப் படும் பாட்டைச் சொல்லவே இந்தக் கடிதம். மன்னார்குடிப் பக்கம் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். பயிர்க்கடன், நகைக்கடன் என்று ஊருக்கெல்லாம் கடன் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. வேண்டியிருக்கவில்லை, வாங்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் இது அதிசயமும் இல்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டால் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது, ஓய்வூதியமும் அப்படியே. கணக்குக்கு ஒரு டெபிட் கார்டு, செல்போனில் யூபிஐ, சட்டைப் பையில் கொஞ்சம் ரொக்கம் என்று பிழைப்பு நன்றாகவே ஓடுகிறது. உழவர் கடன் அட்டை என்று ஒன்று 1998 முதல் இருக்கிறது. அது விதைக்கும் உரத்துக்கும் ஆனது. கப்பலில் காபி குடிக்க ஆகாது.

இதை வைத்து, வங்கியும் கப்பலும் அறியாத ஆட்கள் என்று எங்களை எடைபோட்டுவிட வேண்டாம். கும்பகோணத்தில் 1904-லேயே வங்கி தொடங்கிவிட்டார்கள். சிட்டி யூனியன் வங்கி என்று இன்று பெயர் பெற்றிருக்கும் அதன் தலைமை அலுவலகம் இப்போதும் அந்த ஊரில்தான் இருக்கிறது. ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன கதை இல்லாத குடும்பம் கடலோரத்தில் குறைவு. கூத்தாநல்லூருக்குக் குட்டி சிங்கப்பூர் என்ற பெயர் சும்மா வரவில்லை. அன்று பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பெற்றோருக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துத் தருகிறார்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் நாங்களும் இருக்கிறோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கப்பலில் காசு புழங்குவதில்லை. ஏறும்போது ஆளுக்கொரு அட்டை தருகிறீர்கள். அறைக் கதவைத் திறப்பதும் அதுதான், கடையில் நீட்டுவதும் அதுதான். செலவெல்லாம் அறைக் கணக்கில் ஏறி, கடைசி இரவு மொத்தமாகப் பில் வருகிறது. அந்தக் கணக்குக்கு ஈடாகப் பதிவு மேசையில் கிரெடிட் கார்டு கேட்கிறீர்கள். இல்லாதவர் ரொக்கமாக முன்பணம் கட்டலாம் என்று பெரும்பாலான நிறுவனங்களின் விதியிலேயே இருக்கிறது. கட்டிய பணம் தீர்ந்தால் கணக்கு நின்றுவிடும், மேலும் கட்டினால் ஓடும், மிச்சம் இருந்தால் முடிவில் திரும்பக் கிடைக்கும். நியாயமான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதை டிக்கெட் விற்கும் இடத்தில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. பயணி பதிவு மேசைக்கு வந்து நின்ற பிறகுதான், பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருக்கும்போது, கார்டு எங்கே என்று கேட்கிறீர்கள்.

நாங்கள் ஏறிய கப்பலின் பெயர் இங்கே வேண்டாம். முன்பணமாக இருநூறு டாலர் கட்டினோம். ஒரு காலை, நானும் என் மனைவியும் மேல்தளக் கடையில் காபி கேட்டோம். (பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் காபி இலவசம்தான். டிகாஷன் குடித்து வளர்ந்த நாக்குக்கு அது இறங்கவில்லை.) இரண்டு கோப்பையும் தட்டில் வந்துவிட்டன. அந்தப் பையன் அட்டையை இயந்திரத்தில் வைக்கிறான், எடுக்கிறான், துணியில் துடைத்து மறுபடி வைக்கிறான். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். கணக்கு முடங்கியிருந்தது. தட்டு அப்படியே உள்ளே போயிற்று. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க எந்தக் கடைப் பக்கமும் வரவும் இல்லை.

பணம் எங்கே போயிற்று என்று சேவை மேசையில் கணக்கெடுத்துப் பார்த்தேன். ஒரு பகுதி வைஃபைக்கு, ஒரு பகுதி கரையில் சுற்றிப் பார்த்த பஸ்ஸுக்கு. மீதி டிப்ஸ். பெரிய கப்பல்கள் பலவற்றில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல் டிப்ஸ் தானாகவே கணக்கில் ஏறுகிறது. கணவன் மனைவி இரண்டு பேருக்கு, நான்கு இரவுக்கு 120 டாலர் ஆகிவிடும். அதற்குள் ஒரு சோடாகூட வாங்கியிருக்க மாட்டோம். வீட்டை விட்டு மாதக்கணக்கில் கடலில் கிடந்து நம் படுக்கையை விரிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் எங்களுக்கு மனத்தாங்கல் இல்லை. கிரெடிட் கார்டுக்காரருக்கு அது கடைசிப் பில்லில் ஒரு வரி. முன்பணம் கட்டியவருக்கோ நடுவழியில் கதவடைப்பு. இன்ன தொகை தினமும் பிடிக்கப்படும், ஆகவே இவ்வளவு கட்டுங்கள் என்று பணம் வாங்கிய அந்த மேசையிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா?

டெபிட் கார்டின் கதை இதைவிட மோசம். "டெபிட் கார்டும் செல்லும் சார்" என்று எங்கள் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர் ஒருவரிடம் முகவர் சொல்லியிருக்கிறார். செல்லும், பொய்யில்லை. செலவு செய்வதற்கு முன்பே ஒரு தொகையைக் கப்பல் பிடித்து வைக்கும் என்பதையும், செலவு கூடக்கூடப் பிடிப்பும் கூடும் என்பதையும் சொல்லவில்லை. கிரெடிட் கார்டில் இப்படிப் பிடித்தால் வரம்புதான் குறைகிறது, வங்கியின் பணம் முடங்குகிறது. டெபிட் கார்டில் முடங்குவது அவருடைய சொந்தக் காசு. கரையில் இறங்கி ஏடிஎம்மில் எடுக்கப் போனால் இருப்பு போதவில்லை. ஊர் திரும்பிய பிறகோ பில் தொகையும் போயிருந்தது, பிடித்து வைத்ததும் விடுபடவில்லை. அது தானாக விடுபடச் சில நாள் ஆகும், சில சமயம் வாரமும் ஆகும். அதுவரை அவர் வங்கிக் கிளைக்கும் வீட்டுக்கும் நடந்தார்.

இன்னொன்றையும் முகவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்படிதான் கைக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளர்தான் கேட்டுத் திறந்துகொள்ள வேண்டும். ஊரிலேயே இதைச் சொன்னால் கிளைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். கரை மறைந்து சிக்னல் போன பிறகு யூபிஐயும் கிடையாது, ஓடிபியும் வராது.

ரொக்கக் கணக்கை வைத்துக்கொள்வது தொல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆடி மாதத்தில் பேராவூரணிப் பக்கம் வந்து ஒரு மொய் விருந்தைப் பாருங்கள். கறிச்சோறு பரிமாறி முடிவதற்குள் லட்சக்கணக்கில், சில பந்தலில் கோடிக்கணக்கில் பணம் வந்து விழுகிறது. பணம் எண்ணும் இயந்திரம் வைத்து, கணினியில் பேரேற்றி, கையோடு ரசீது கொடுத்து அனுப்புகிறார்கள். பந்தலில் முடிகிற காரியம் பன்னிரண்டு மாடிக் கப்பலில் முடியாதா? செலவு தெரியாமல் அட்டையை நீட்டுகிறவர்தான் அதிகம் செலவழிப்பார், ஒவ்வொரு டாலரையும் எண்ணுகிற எங்களால் வரும்படி குறைவு என்பதுதான் உங்கள் மனக்கணக்கு என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம் தவறாயிருந்தால் மகிழ்ச்சி.

வைப்புத்தொகையின் பேரில் வங்கியில் கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு முகவர் எனக்கு யோசனை சொன்னார். வாங்கலாம். நான்கு நாள் உல்லாசத்துக்காக ஆயுள் சேமிப்பில் ஒரு பகுதியைப் பூட்டிவைக்க வேண்டும் என்பது யோசனையாகத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. கப்பலில் முன்பணம் எவ்வளவு, எந்த நாணயத்தில், டிப்ஸ் தினம் எவ்வளவு, மிச்சம் எப்போது எந்த மேசையில் கிடைக்கும் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து டிக்கெட்டோடு கொடுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் டாலரைத் திருச்சியில் நல்ல விலைக்கு மாற்றிக்கொள்வோம். ஒருவர் 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோகச் சட்டமே இடம் தருகிறது. விமான நிலையத்தில் பணம் மாற்றித் தருகிறவர்கள் சொன்னதே விலை. பிள்ளைகளின் கார்டை அவர்கள் சம்மதக் கடிதத்தோடு பெற்றோர் கணக்கில் சேர்க்கச் சில நிறுவனங்கள் இடம் தருகின்றன. சிங்கப்பூரில் மகன் இருக்கிற வீட்டுக்கு இதைவிட வசதி இல்லை, இதையும் அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். சென்னையிலிருந்து புறப்படும் கப்பல்களுக்கு இன்னும் சுலபம்: டிக்கெட் பணத்தோடு கப்பல் செலவுக்கும் யூபிஐயில் முகவரிடமே கட்டி, ரசீதோடு ஏறுகிற வழியைச் செய்யுங்கள். முன்பணம் பத்தில் இரண்டு பங்காகக் குறையும்போது அறைத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், கோப்பை தட்டில் வந்த பிறகு யாரும் தலைகுனிய வேண்டியிருக்காது.

வரும் கோடை விடுமுறைக்கான விளம்பரப் பலகைகள் இப்போதே பஸ் நிலையங்களில் ஏறத் தொடங்கிவிட்டன. அதற்குள் அந்த ஒரு பக்கம் வந்துவிட வேண்டும். தமிழில் எழுத ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள். முப்பது வருடம் கடன் விதிகளை விவசாயிக்குப் புரியும்படி எழுதிக் கொடுத்தவன், இதையும் எழுதித் தருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.