உன் கேள்விக்குப் பதில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. வேலை அதிகம் என்று சொன்னால் பொய். நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால்தான் எழுதவில்லை. நெட்டையனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மூக்கு அப்படியே அவனுடையதாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பருவநிலைக்காக ஏழை நாட்டுப் பிள்ளை இன்னும் எத்தனை காலம் விளக்கில்லாமல் படிக்க வேண்டும்? முதலில் வளரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று எழுதியிருந்தாய். மாடி அறையில் விடிய விடியச் சண்டை போட்டோமே, அன்றைக்கும் இதைத்தான் சொன்னாய். அந்தப் பிள்ளைக்கு விளக்கு வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்தப் "பிறகு"தான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

அந்தப் "பிறகு" வருவதற்குள் என்ன ஆகும் என்பதற்கு டொமினிக்கா என்ற சின்னத் தீவு நாட்டைப் பார். 2017 செப்டம்பரில் மரியா புயல் ஒரே இரவில் அதைக் கடந்து போனது. கூரைகள் பறந்தன, பயிர் அழிந்தது, மின்கம்பிகள் அறுந்து நாடே இருட்டில் கிடந்தது. இழப்பைக் கணக்கிட்டபோது, முந்தைய ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 226 சதவீதம் வந்தது. இரண்டு வருடத்துக்கும் மேலாக ஒரு நாடே உழைத்துச் சேர்ப்பது ஓர் இரவில் போயிற்று. நீ சொன்ன பிள்ளைக்கு இருந்த விளக்கும் போயிற்றே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டினால் உற்பத்தி என்று சேர்க்கிறோம், இடிந்ததைக் கழிப்பதில்லை. தேசிய வருமானக் கணக்கை உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸே 1934இல், இந்த எண்ணை வைத்து மக்களின் நலனை அளந்துவிட முடியாது என்று எச்சரித்தார்.

வளர்ச்சி, பருவநிலை இரண்டையும் சேர்த்துக் கவனித்த நாடும் இருக்கிறது. கோஸ்டா ரிகாவில் 1980களில் காடு ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. 1997 முதல் எரிபொருள் வரியில் ஒரு பகுதியை எடுத்து, மரத்தை வெட்டாமல் வைத்திருக்கும் நிலக்காரருக்குக் கொடுக்கிறார்கள். இன்று பாதி நிலத்துக்கு மேல் காடு. வருமானமும் குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஆனால் எல்லா நாட்டாலும் கைக்காசில் இதைச் செய்ய முடியாது. அங்கே உன் கோபம் முழுக்க நியாயம். பருவநிலைச் செலவுக்காக ஏழை நாடுகளுக்கு 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009இல் வாக்குக் கொடுத்தன. அந்தத் தொகை எட்டப்பட்டது 2022இல்தான், அதிலும் பெரும்பகுதி கடன். புகையை விட்டவர்கள் ஒருபக்கம், வட்டி கட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். இதை நினைத்தால் எனக்கும் நெஞ்சு கொதிக்கிறது.

அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போகும் வழியில் உன்னோடு இரண்டு நாள் தங்குவேன். நெட்டையனையும் வரச்சொல், நடுவராக இருக்கட்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருந்தை நிறுத்திவிடாதே.

என்றும் உன்,
பழைய மாடி அறைக்காரன்