கரண்டியா, சேறா?

வேதாரண்யம்
ஐப்பசி 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. மழை, கரண்ட் இல்லை, முட்டிவலி என்று சாக்குச் சொல்லலாம். ஆனால் ஒரு சங்கதியை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்றுதான் இத்தனை நாள் இழுத்தடித்தேன்.

முதலில் ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரமோ நடு இந்தியாவோ, எங்கிருந்து கிளம்பினானோ, இந்த வருஷம் நேராக எங்கள் கொல்லையில் வந்து இறங்கினான். விடிகாலையில் துவைகல்லுக்கு அடியில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். மருமகள் கோழிக்குஞ்சு என்று கூடையை எடுத்துவிட்டாள்! கிட்டே போனதும் தத்தித் தத்தி வேலிக்குள் நுழைந்துகொண்டான். பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமம். சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு முள்ளுக்காட்டிலிருந்து இரண்டு சீழ்க்கை. மறுநாள் ஆளைக் காணோம். கடலைத் தாண்டி இலங்கைப் பக்கம் போயிருப்பான்.

கோடியக்கரை முனியப்பன் ஏரியில் இன்னும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. பூநாரை தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

இனி அந்தச் சங்கதி. போன ஞாயிற்றுக்கிழமை அகத்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போயிருந்தேன். முதல் மழைத் தண்ணீர் பாத்திகளில் விரற்கடை உயரம் நின்றது. சேற்றில் இரை தேடுகிற நம் குட்டிப் பறவை கொசு உள்ளான் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். எல்லாம் தையல் மெஷின் ஊசி மாதிரி கொத்திக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் மூக்கைத் தண்ணீரில் வைத்து இடமும் வலமுமாகத் துழாவியது. நெற்றி மற்றதைவிட வெளுப்பு. மூக்கு நுனி அகலம். எனக்குக் கை நடுங்கிவிட்டது, சேகர்.

கரண்டிமூக்கு உள்ளான்! எண்பதுகளில் பறவைகளின் காலில் அடையாள வளையம் போட வந்தவர்கள் இங்கே பதிந்த பறவை. அவர்களுக்குப் பறவை பிடித்துக் கொடுத்த அலி உசேன் வலை விரிப்பதைப் பார்க்க நாம் இருட்டோடு சைக்கிள் மிதித்துப் போவோமே, அந்தக் காலம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் குஞ்சு பொரித்து, பனிக்காலத்துக்கு மியான்மர், வங்கதேசம், தாய்லாந்துக் கரைகளுக்கு வருவது. இன்று உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம்.

அரை நிமிஷம் பார்த்திருப்பேன். எங்கிருந்தோ ஒரு வல்லூறு பாய்ந்தது. மொத்தக் கூட்டமும் புகை மாதிரி எழும்பிச் சுழன்று மூன்று பாத்தி தள்ளி இறங்கியது. வரப்பில் வழுக்கி வழுக்கிப் போய் ஒவ்வொன்றாக மூக்கைப் பார்த்தேன். ஒன்றின் மூக்கு நுனியில் உருண்டையாகச் சேறு ஒட்டியிருந்தது. தலையை ஒரு உதறு உதறியது, சேறு போய்விட்டது. சாதாரணக் கொசு உள்ளான்.

நான் முதலில் பார்த்தது இதையேதானா? அப்படியென்றால் அந்தத் துழாவல்? “கொசு உள்ளான் மூக்கில் சேறு ஒட்டினால் அதுவும் கரண்டிதான், அவசரப்படாதே” என்று அன்றைக்கு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதனால்தான் உனக்கு எழுதவே கூச்சமாக இருந்தது. பறவை பார்க்கிற என் பழைய தொலைநோக்கி, அந்த ஸ்கோப்பின் கண்ணாடியில் வேறு பூஞ்சை பிடித்திருக்கிறது. அதை நம்பி ஒரு பதிவு போட்டால், நாளைக்கு யாரோ ஒரு பையன் அதை நம்பி ஒரு கணக்கு எழுதுவான். நோட்டில் “கொசு உள்ளான் 2000+” என்று எழுதி, கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பி வா. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு இப்போது திரும்ப ரயில் ஓடுகிறது, உன் இடுப்புக்குப் பஸ்ஸைவிட அது தேவலை. அடைமழை பிடிப்பதற்குள் வந்துவிடு. பாத்தி நிரம்பிவிட்டால் உள்ளான்கள் எங்கே போகுமோ தெரியாது. இதை இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. முக்கியமாக, கேமராவும் கையுமாகத் திரிகிற உன் பேரனிடம்.

அன்புடன்,
ராசு