நெல்லு மாதிரி முட்டை: ஒரு நன்றி மடல்

மண்டபம் தெற்குக் கரையில் எனக்காகத் தூக்கம் கெட்ட எல்லோருக்கும்,

வணக்கம். ஆய்வேட்டைப் போன வாரம் கொடுத்துவிட்டேன். அதில் நன்றியுரைக்கு ஒன்றரைப் பக்கம். வழிகாட்டி, துறைத்தலைவர், உதவித்தொகை கொடுத்தவர்கள், அனுமதி கொடுத்த வனத்துறை என்று அதற்கு ஒரு வரிசை உண்டு, அதைக் கலைக்க முடியாது. உங்களுக்குக் கிடைத்தது 'உள்ளூர் மீனவர்கள்' என்று ஆங்கிலத்தில் இரண்டே சொல். எழுதும்போதே கை கூசியது. அதனால்தான் இந்த மடல். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அங்கே என்னதான் செய்தேன் என்பதை இப்போதாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். 'மீன் குஞ்சு பிடிக்கிற பிள்ளை' என்று பெயர் வைத்தீர்கள். பிடித்துப் பண்ணையில் வளர்த்து விற்கப் போகிறேன் என்றுகூட டீக்கடையில் ஒரு பேச்சு ஓடியது. விற்கிற அளவுக்கு அது இல்லை. பெரும்பாலான கடல் மீன்கள் முட்டையைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். நம் கடல் சூட்டுக்கு ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரிந்து, இரண்டு மூன்று மில்லிமீட்டரில் ஒரு நூல் துண்டு வெளியே வரும். அது நீரோட்டத்தோடு சில வாரம் அலைந்து, தப்பிப் பிழைத்தால் ஏதாவது ஒரு பவளப் பாரிலோ கடல்புல் தாழையிலோ ஒதுங்கும். அதற்குப் பிறகுதான் நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மீன். அதற்கு முன்னால் இருக்கிற அந்தச் சில வாரக் கணக்குதான் என் வேலை.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986ல் அறிவிக்கப்பட்டது. 560 சதுர கிலோமீட்டர். பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவு. பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டதால் கண்ணுக்குத் தெரிவது 19. வரைபடத்தில் தீவுகளைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறார்கள். பாரில் இருக்கிற களவாய் மீனை அந்தக் கோடு காப்பாற்றலாம். அதன் குஞ்சு கோட்டைத் தாண்டி எங்கே போகிறது, எந்த மாதம் எந்தக் குஞ்சு கோட்டுக்கு உள்ளே, எது வெளியே? இதைக் கேட்டுக்கொண்டுதான் இரண்டு வருடம் உங்கள் உயிரை வாங்கினேன்.

வள்ளக்கார அண்ணனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அண்ணே, முதல் நாள் என் வலையைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா? வாய் 60 சென்டிமீட்டர், கண்ணி அரை மில்லிமீட்டர், கடைசியில் ஒரு பாட்டில். 'காப்பி வடிகட்டியைப் பெருசா பண்ணிக் கொண்டாந்திருக்கே' என்றீர்கள். உண்மையில் அதேதான். நடக்கிற வேகத்துக்கு எஞ்சினைக் குறைத்து, பத்து நிமிடம் அதை இழுத்தால் ஏறக்குறைய 170 கன மீட்டர் தண்ணீர் உள்ளே போய் வரும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 14 நிறுத்தி வடிகட்டியதற்குச் சமம். அத்தனையும் வடிகட்டி, சில நாள் கையில் மிஞ்சியது கூனி இறால் குஞ்சும் ஜெல்லி மாதிரியான சொறியும்தான்.

முதல் மூன்று மாதம் பகலில்தான் இழுத்தோம். பாட்டில் பாட்டிலாக வெறுமை. நான் வலையைக் குறை சொன்னேன், மாதத்தைக் குறை சொன்னேன், ஒருநாள் எஞ்சின் சத்தத்தைக்கூடக் குறை சொன்னேன். நீங்கள் பீடியை அணைத்துவிட்டு, 'ஏம்மா, பகல்ல வெள்ளை வலையைக் கண்டா நெத்திலியே ஒதுங்கிப் போகும். குஞ்சுக்குக் கண்ணு இல்லியா?' என்றீர்கள். கண் இல்லையாவது! தலையில் பாதி கண்தான். பகலில் குஞ்சுகள் வலைக்கு விலகும், சில கீழே இறங்கிவிடும், ராத்திரியில்தான் மேலே வரும் என்று நான் படித்த கட்டுரைகளிலும் இருந்தது. படித்திருந்தும் பகலிலேயே இழுத்துக்கொண்டிருந்தேன். காரணத்தை அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். ராத்திரிக் கடலுக்கு எனக்குப் பயம். வீட்டில் சொல்ல அதைவிடப் பயம்.

அந்த இடத்தில்தான் கடல்பாசி எடுக்கிற அக்கா வந்தீர்கள். 'நான் கூட வாரேன் தங்கச்சி, அம்மாகிட்ட போனைக் குடு' என்று என் அம்மாவிடம் பத்து நிமிடம் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று இன்று வரை இருவரும் சொல்லவில்லை. அடுத்த அமாவாசைக்கு நாம் மூவரும் முசல் தீவுக்கு வெளியே வலை விட்டோம். பாட்டிலைத் தூக்கிப் பிடித்து டார்ச் அடித்தபோது உள்ளே வெள்ளைத் தூசி ஒன்று வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியது. தூசி திரும்பாது. நான் போட்ட சத்தத்தில் கூட வந்து வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் கண் அசந்திருந்த வனக் காவலர் தம்பி எழுந்து, ஏதோ திருட்டுப் படகு என்று விசிலை எடுத்துவிட்டார்.

அக்கா, உங்களுக்கு நன்றி சொல்வது எனக்கு லேசான காரியமில்லை. அனுமதிக் கடிதத்தில் 'கள உதவியாளர்' என்ற இடத்தில் உங்கள் பெயரைச் சேர்த்தேன். படித்துக் காட்டச் சொன்னீர்கள். கேட்டுவிட்டு, 'எங்க தீவுக்குப் போக எனக்கே சீட்டு வாங்கிக் குடுத்திருக்கே' என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் பாட்டி காலத்தில் தீவிலேயே தங்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுத்த கதையை நீங்கள் சொல்லித்தான் தெரியும். பூங்கா வந்த பிறகு அங்கே கால் வைத்தால் வழக்கு. மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்போம், மீன்கள் சினைபிடிக்கிற மாதங்களில் கடலுக்கே போக மாட்டோம் என்று உங்கள் பக்கத்துப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டதும், அந்த அமைப்பை நடத்திய சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி பரிசு 2015ல் கிடைத்ததும் ஊருக்கே தெரியும். ஆனாலும் உங்களை மறிக்கிற அதே தண்ணீரில், பட்டப்படிப்புக்காக வலை விட எனக்குக் கடிதம் கிடைத்தது. அந்தக் கடிதத்தை நீங்கள் ஒருநாளும் குத்திக்காட்டவில்லை. விரலில் துணி சுற்றி, பாரில் முங்கி எழுந்து பிழைக்கிற கை, என் வலையின் மீட்டரில் சிக்கிய பாசியைக் கொண்டை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தது. வலை வாயில் சுற்றுகிற அந்தச் சின்னக் காற்றாடி நின்றுவிட்டால் எவ்வளவு தண்ணீர் போனது என்ற கணக்கே இல்லை. அந்தக் கொண்டை ஊசி இல்லாவிட்டால் என் ஆய்வில் பாதி எண்கள் இல்லை.

நெல்லுக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாடகை அறையில் நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தபோது, 'நானும் பாக்கட்டா' என்று கண்ணை வைத்தீர்கள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், 'ஏ புள்ள, உள்ள நெல்லு கிடக்கு' என்றீர்கள். மீன் முட்டை என்றால் பெரும்பாலும் உருண்டைதான். நெத்திலி மாதிரிச் சிலதுக்குத்தான் நீள்முட்டை, இரண்டு பக்கமும் லேசாகக் கூம்பி, அசல் நெல். அன்றிலிருந்து என் நோட்டில் அந்த வரிசைக்குத் தலைப்பே 'நெல்லு'தான். ஆய்வேட்டில் மாற்றித் தொலைக்க வேண்டியிருந்தது.

குஞ்சுகளைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஒரு பாட்டிலைத் தட்டில் ஊற்றினால் ஆயிரக்கணக்கில் மற்றது, நடுவில் ஐந்தாறு மீன் குஞ்சு. அதற்கு நிறம் இல்லை, செதில் இல்லை, துடுப்பு பாதிதான் முளைத்திருக்கும். உடம்பில் அம்பு முனை மாதிரி அடுக்கடுக்காகத் தசைக்கட்டு தெரியும். அதை ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். 24, 25 என்றால் பாறை, களவாய், விளமீன் என்று ஒரு பெரிய கூட்டம். 40ஐத் தாண்டினால் சூடை, நெத்திலிப் பக்கம். 100ஐயும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் விலாங்கு வகை, அந்தக் குஞ்சு கண்ணாடியில் செய்த வேப்பிலை மாதிரி இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு 37ல் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பிக்கிறபோது வீட்டுக்கார அம்மா பால் இல்லாத காப்பியை ஜன்னல் வழியாக நீட்டுவார்கள். ஃபார்மலின் நாற்றத்துக்கு உள்ளே வர மாட்டார்கள். காலி செய்யவும் சொல்லவில்லை. அம்மா, சுவரில் இன்னும் அந்த வாடை இருந்தால் வெள்ளையடித்துத் தருகிறேன்.

வலை பின்னுகிற தாத்தாவுக்கு ஒரு குஞ்சைக் காட்டினேன். ஆறு மில்லிமீட்டர். முதுகில் ஒரு முள் உடம்பு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கும், அடிவயிற்றில் இன்னும் இரண்டு. 'பட்டம் மாதிரி இருக்கே, வாலு வச்சு' என்றார். களவாய்க் குஞ்சு என்றேன். தாத்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தார், திரும்பக் குனிந்தார். ஐம்பது வருடத்துக்கு மேல் களவாய் பிடித்த மனிதர். 'இதா?' என்றார். அப்புறம் மெதுவாக, 'இத்தனை முள்ளை வச்சுக்கிட்டு யாரைக் குத்தப் போகுது' என்றார். முள் விழுங்க வருகிறவர்களுக்காகத்தான் தாத்தா. பெரிசானதும் அது சுருங்கிவிடும். அன்று நான் தந்தது அரைகுறையான பதில், அதனால் இங்கே எழுதுகிறேன்.

காவலர் தம்பிக்கு. என் குறிப்பு நோட்டு இரண்டாம் வருடம் அலையில் நனைந்து மை கரைந்து போனது. நான் கரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது நீங்கள் ரோந்துப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தீர்கள். தேதி, நேரம், தீவு, காற்று எல்லாம் இருந்தது. 'கச்சான் பலம், கடல் கோபம்' என்று தென்மேற்குக் காற்றைப் பற்றி ஒரு வரி. ஆடி மாதத்து ஆண்கடலை, நம் மன்னார் வளைகுடாவை, இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது. வட பக்கத்துப் பெண்கடலான பாக் விரிகுடா அப்போது குளம் போலக் கிடக்க, நாம் மட்டும் இந்தப் பக்கம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம்.

பூங்கோரை வந்த வாரம் தனியாகச் சொல்ல வேண்டும். கடல் பச்சைப் பெயின்ட் கொட்டினாற்போல ஆகி, கரையில் ஓராவும் கிளிமீனும் செத்து ஒதுங்கின. நாக்டிலூகா என்கிற ஒற்றைச் செல் உயிர் அது. கண்ணுக்கு ஒவ்வொன்றும் ஜவ்வரிசியில் பொடி மாதிரி, மீன் முட்டையையும் தின்னும். வலை இரண்டு நிமிடத்தில் அடைத்து, கஞ்சி மாதிரி வழிந்தது. அந்த நாற்றத்தில், பிழைப்பும் நின்றுபோன நேரத்தில், வள்ளம் எடுக்க உங்களை எந்த முகத்தோடு கேட்பது என்று இருந்தேன். அண்ணன் டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டீர்கள். அந்த வாரத்துப் பாட்டில்களைத்தான் தேர்வாளர் அதிகம் கேள்வி கேட்டார்.

மற்றவர்களையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், எஸ். ஜோன்ஸும் உடன் உழைத்தவர்களும் சூரைக் குஞ்சுகளைப் பற்றி எழுதிய பழைய கட்டுரைகளைத் தூசி தட்டி எடுத்துத் தந்தவருக்கு. மூன்று கேன் ஆல்கஹாலோடு ராத்திரியில் என்னை நிறுத்தி, 'குடிக்கிறதுக்கு இல்லை சார், மீன் குஞ்சு ஊறுறதுக்கு' என்ற என் பதிலை நம்பி அனுப்பிய சோதனைச் சாவடிக் காவலருக்கு. பார்சல் நிறுவனம் ஒன்று டி.என்.ஏ. மாதிரிகளை வெயிலில் போட்டுக் கெடுத்தபோது, 'இதுக்குத்தான் பாதியை நான் எடுத்து வச்சேன்' என்று ஃப்ரீசரைத் திறந்த அறைத்தோழிக்கு. வாரத்தில் விசைப்படகு மூன்று நாள், நாட்டுப்படகு நான்கு நாள் என்ற முறைக்குள் என் அமாவாசைக் கணக்கைப் பொருத்தித் தந்த சங்கத்து ஐயாவுக்கு.

அக்கா, கடைசி நாள் கரையில் நீங்கள் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. 'நாங்க பாசி எடுக்கிறதால குஞ்சு குறையுதா, குறையலியா?' என்றீர்கள். இரண்டு வருடம் என் வலையைத் துடைத்த உங்களுக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. நான் வலை விட்ட இடங்களைத் தேர்ந்தெடுத்தபோது தீவுக்கு உள்ளே, வெளியே என்றுதான் யோசித்தேன். பாசி எடுக்கிற பார், எடுக்காத பார் என்று யோசிக்கவே இல்லை. அதனால் உங்கள் கேள்விக்கு என் அலமாரியில் ஒரு பாட்டில்கூட இல்லை. குறைகிறது என்று யாராவது என் ஆய்வைக் காட்டிப் பேசினால் அதில் அப்படி இல்லை என்று சொல்லுங்கள், நானும் வந்து சொல்கிறேன். அடுத்த விண்ணப்பத்தில் அந்தப் பார்கள் இருக்கின்றன. எந்தெந்தப் பார் என்று நீங்கள்தான் உட்கார்ந்து குறித்துத் தர வேண்டும். இந்த முறை 'கள உதவியாளர்' என்று போடாமல் வேறு என்ன போடலாம் என்று வழிகாட்டியிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தை பிறந்ததும் வருகிறேன். படங்களும் எண்களும் தமிழில் எழுதி எடுத்து வருவேன், வலைக்கூடத்தில் வைத்துப் பேசலாம். பாட்டில் தீர்ந்துபோன அன்று தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கித் தந்த ஹார்லிக்ஸ் பாட்டில் ஏழும் என்னிடம்தான் இருக்கின்றன. ஃபார்மலின் பட்டதால் ஊறுகாய்க்கு இனி ஆகாது. புதிதாக ஏழு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மீன் குஞ்சு பிடிக்கிற பிள்ளை