பழைய வண்டிக்குப் புதிய ஷாக்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாறிய அலைச்சலிலும் அந்த 1991ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 வண்டியை விற்றுவிடாமல் கையோடு கொண்டுபோனாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே சொல்லும்படியான செய்தி ஒன்றுதான்: என் முழங்கால் வலி தணிந்துவிட்டதால், என் எம்எக்ஸ்-5இன் தாழ்ந்த இருக்கையிலிருந்து யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்து வெளியே வர முடிகிறது. வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயில்ஓவர் செட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாய் அமைந்தது) வாங்குவதா, ஸ்பிரிங்கின் ஊசலை அடக்கும் ஷாக் அப்சார்பர்களை மட்டும் மாற்றுவதா என்று கேட்டிருந்தாய். இரண்டுக்கும் முன்னால் புஷ்களை, அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகளை, மாற்று என்பதே என் பதில்.

நம் வண்டியின் நான்கு சக்கரங்களும் மேலும் கீழுமாக இரட்டை விஷ்போன்களால், அதாவது கவை வடிவக் கைகளால், தாங்கப்படுகின்றன. அந்த விஷ்போன்கள் ஒவ்வொன்றும் வண்டியின் சட்டத்தோடு சேருமிடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. 30 ஆண்டுகளைக் கடந்த ரப்பர் வெடித்துத் தளர்ந்திருக்கும்போது, பிரேக் பிடித்தாலோ வளைவில் பாரம் ஏறினாலோ சக்கரம் தான் நிற்க வேண்டிய கோணத்தை விட்டு விலகுகிறது. அதனால் வரும் மிதப்பை நாம் ஷாக்கின் குற்றமாக எண்ணிவிடுகிறோம். வண்டி மெல்ல மெல்லத் தளரும்போது நம் கையும் அதற்கேற்பப் பழகிவிடுவதால், எந்த நாளில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

புஷ் மாற்றும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணம், சரிசெய்வதற்காகக் கீழ் விஷ்போன்களில் இருக்கும் கேம் போல்ட்டுகள் (மையம் விலகிய தட்டுள்ள போல்ட்டுகள்) துருவேறி, புஷ்ஷின் உட்குழாயோடு ஒட்டிப்போயிருக்கக்கூடும். அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து, புதிய போல்ட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள். அடுத்தது, ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுக்கிக்கொண்டுதான் அசைகிறது. ஆகவே சக்கரங்கள் தரையில் நின்று வண்டி தன் பாரத்தில் அமர்ந்திருக்கும் நிலையில்தான் போல்ட்டுகளை முழுவதும் இறுக்க வேண்டும். என் வண்டிக்கு வேலை செய்தவர் லிஃப்டில் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கிவிட்டார். புது ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரமே கிழிந்தது. பாலியூரித்தேன் என்ற கெட்டியான பிளாஸ்டிக் புஷ்ஷில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கிரீஸ் குறைந்தால் அது கீச்சிடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பரையே தேர்ந்தெடுப்பேன்.

இனி காயில்ஓவருக்கு வருகிறேன். வண்டியைத் தாழ்த்தினால் பார்க்க அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. அந்த ஆசையில்தான் நானும் ஒருமுறை பழைய ஷாக்குகளோடு குட்டை ஸ்பிரிங்குகளைப் போட்டேன். நம் வண்டியில் சக்கரம் மேலேறுவதற்கான இடம் முதலிலேயே குறைவு. அதில் மூன்று சென்டிமீட்டரைத் தாழ்த்துவதற்குக் கொடுத்துவிட்டால், சிறு மேட்டில்கூட ஷாக் பம்ப் ஸ்டாப்பில், அதாவது அதன் ஓட்டத்தின் முடிவில் இருக்கும் தடுப்பு ரப்பரில், போய் அமர்ந்துவிடுகிறது. நேர்சாலையில் அது வெறும் அடி, முதுகோடு போயிற்று. வளைவின் நடுவில் நிகழ்ந்தால் அந்த மூலையின் விறைப்பு ஒரே கணத்தில் பல மடங்காகி, அந்த டயரின் பிடி உடைகிறது. ஈரச் சாலையில் பின்பக்கம் முன்னறிவிப்பே இல்லாமல் வழுக்கியபோது நான் டயரைத் திட்டினேன். உண்மையில் குற்றம் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்த என்னுடையது.

இதைத் தவிர்க்க ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் என்ன ஆகும் என்பதை எண்களில் பார்க்கலாம். ஸ்பிரிங் விறைக்க விறைக்க வண்டி குறைவாக அமுங்கும். வண்டியின் பாரத்தால் சக்கரமிருக்கும் இடத்தில் சஸ்பென்ஷன் 16 சென்டிமீட்டர் அமுங்கினால், வண்டியின் உடல் நொடிக்கு ஏறக்குறைய 1.25 முறை ஊசலாடும். 10 சென்டிமீட்டர் என்றால் 1.6 முறை, 6 சென்டிமீட்டர் என்றால் 2 முறை. கடைசி எண் பந்தயத் தளத்துக்குப் பொருந்தும், ஆனால் மேடுபள்ளமான சாலையில் டயரைத் தரையோடு வைத்திருக்க விடாது. தவிர, ஸ்பிரிங்கின் விறைப்பை இரட்டிப்பாக்கினால், ஊசலை அதே அளவு அடக்குவதற்கு ஷாக்கின் எதிர்ப்பை ஏறக்குறைய 1.4 மடங்காக்க வேண்டும். விறைப்பான ஸ்பிரிங்கைத் தளர்ந்த ஷாக்கோடு இணைத்தால் வண்டி குதித்துக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். மலிவான காயில்ஓவர் செட்டுகளில் பெரும்பாலும் உயரம் மாற்றும் மரைகளுக்குத்தான் காசு போகிறது, உள்ளிருக்கும் வால்வுக்கு அல்ல என்பது என் எண்ணம்.

ஆகவே உன் ஸ்பிரிங்குகள் உடையாமலும் துரு தின்னாமலும் இருந்தால் அவற்றையே வைத்துக்கொண்டு ஷாக்குகளை மாற்று. இதில் இரண்டு நிறுவனங்களின் ஷாக்குகளைப் பார்க்கலாம். பில்ஸ்டீன் ஒற்றைக் குழாய் அமைப்பு. உயரழுத்த வாயுவை எண்ணெயிலிருந்து ஒரு மிதக்கும் பிஸ்டன் பிரித்து வைப்பதால், நெடுநேரம் குலுங்கினாலும் எண்ணெய் நுரைப்பதில்லை. ஆனால் அதன் சாதாரண வகைகளில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. கோனியின் மஞ்சள் நிற ஷாக்கில், அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து மீளும்போது காட்டும் எதிர்ப்பை மட்டும் கூட்டிக் குறைக்கலாம். உன்னைப் போல நோண்டிக்கொண்டே இருப்பவனுக்கு அதுவே பொருத்தம். முழு விறைப்பில் வைத்துவிடாதே: அடுத்தடுத்து மேடுகள் வரும்போது சக்கரம் கீழிறங்க நேரம் கிடைக்காமல், ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போகும். மிக மென்மையான நிலையில் தொடங்கி, மேட்டைத் தாண்டியபின் இரண்டாவது குலுங்கல் மறையும்வரை கால் கால் சுற்றாகத் திருகு, மறைந்ததும் நிறுத்திவிடு. புதிய பம்ப் ஸ்டாப்பும் ஷாக்கின் மேல்முனையைப் பொருத்தும் மேல் மவுண்ட் ரப்பரும் அதே வேலையோடு போட்டுவிடு. அவற்றுக்காக மீண்டும் கழற்றுவது வீண்வேலை.

டயர்களைப் பற்றி நீ எதுவும் எழுதவில்லை. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் பார். முதல் இரண்டு இலக்கங்கள் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. பத்து ஆண்டுப் பழைய டயரை வைத்துக்கொண்டு ஷாக்கின் தரத்தை எடைபோட முடியாது.

எதையும் வாங்குவதற்கு முன், சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு மூலைகளிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து எழுதியனுப்பு. இடது வலது வேறுபாடு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஸ்பிரிங்கையும் பார்த்தாக வேண்டும். என் வண்டியின் அளவுகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ஒப்பிட்டு உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்